எடை குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு கால் மரத்துப் போனால்...



"வயித்துல ஆபரேஷன் பண்ணாங்க, உடம்பு நல்லா இளைச்சுது. ஆனா ரெண்டே மாசத்துல காலு மதமதன்னு ஆயிடுச்சு. செருப்பு கழண்டு போனாக்கூடத் தெரியல." இந்த மாதிரிப் பேச்சு இப்போது டவுனில் மட்டும் இல்லை, கிராமத்திலும் கேட்கிறது. எடை குறைப்பு ஆபரேஷன் ஒரு காலத்தில் பெரிய பணக்காரர்கள் சங்கதி. இன்று நகையை வைத்தாவது, கடன் வாங்கியாவது செய்துகொள்கிறவர்கள் இருக்கிறார்கள். சர்க்கரை, மூட்டு வலி, குழந்தை தங்காதது என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கும்.

2024 ஏப்ரல் மாதம் நம் புதுச்சேரி இளைஞர் ஒருவர் சென்னைப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் இந்த ஆபரேஷனுக்குப் போய் இறந்துபோன செய்தி எல்லா பேப்பரிலும் வந்தது. தமிழக அரசு விசாரணைக்கும் உத்தரவிட்டது. அதைப் படித்துவிட்டு "ஆபரேஷன் மேஜையில என்ன ஆகுமோ" என்று எல்லோரும் பயந்தார்கள். பயம் நியாயம்தான். ஆனால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, தையல் ஆறி, வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு ஆபத்து காத்திருக்கிறது. அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அதுதான் இந்தக் கால் மரத்துப் போகும் விஷயம். சீக்கிரம் கண்டுபிடித்தால் சில ரூபாய் ஊசியில் சரியாகக்கூடியது. விட்டுவிட்டால் வாழ்நாள் முழுக்கக் கோல் ஊன்ற வைத்துவிடும்.

ஆபரேஷனில் என்ன செய்கிறார்கள்?

அதிகமாகச் செய்வது இரண்டு வகை. ஒன்று ஸ்லீவ். இதில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மீதியை ஒரு குழாய் மாதிரி தைத்து விடுவார்கள். இன்னொன்று பைபாஸ். இரைப்பையின் மேல்பக்கத்தில் முட்டை அளவுக்கு ஒரு சின்னப் பை மட்டும் பிரித்து, அதை சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு நேராக இணைத்து விடுவார்கள். சாப்பாடு நடுவில் உள்ள குடலைத் தொடாமல் தாண்டிப் போய்விடும்.

இரண்டிலும் நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடும். பைபாஸில் சாப்பிட்டதில் உள்ள சத்தும் முழுசாக உடம்பில் சேராது. எடை குறைவது இதனால்தான். ஆனால் உடம்பு வேண்டாத கொழுப்பு எது, வேண்டிய வைட்டமின் எது என்று பிரித்துப் பார்த்துக் குறைக்காது. எல்லாமே சேர்ந்துதான் குறையும். மாத்திரை சாப்பிடச் சொல்வது அதற்காகத்தான். அதுவும் ஒரு மாதம் இரண்டு மாதம் இல்லை, ஆயுசு முழுக்க.

நம் நரம்புகள் கரண்டு ஒயர் மாதிரி. உள்ளே கம்பி, மேலே ரப்பர் உறை. இந்தக் கம்பிக்கும் உறைக்கும் பி வகை வைட்டமின்கள் இல்லாமல் முடியாது. உடம்பிலேயே நீளமான நரம்பு காலுக்குப் போவது. சத்து குறைந்தால் முதலில் அடிபடுவது அந்த நீளமான ஒயரின் கடைசி முனைதான். அதனால்தான் கால் விரலில் ஆரம்பித்து, பாதம், கணுக்கால், கெண்டைக்கால் என்று சாக்ஸ் போட்ட மாதிரி மேலே ஏறும். சிலருக்கு மரத்துப் போகும். சிலருக்கு எறும்பு ஊறும், ஊசி குத்தும், ராத்திரியில் காந்தும். பஞ்சு மேல் நடப்பது போல இருக்கும்.

முதல் குற்றவாளி: பி1

பி1 வைட்டமினுக்கு தயமின் என்று பெயர். இதை உடம்பு சேர்த்து வைக்காது. மொத்தமே முப்பது மில்லிகிராம் அளவுதான் இருப்பு இருக்கும். உள்ளே வருவது நின்றால் இரண்டு மூன்று வாரத்தில் காலி. ஆபரேஷன் ஆனவருக்கு விடாமல் வாந்தி வந்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஆபரேஷன் ஆகி ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் இந்தப் பிரச்சினை வருவது இதனால்தான்.

இது புது வியாதியும் இல்லை. பழைய பெரிபெரிதான் புது வேஷத்தில் வந்திருக்கிறது. பெரிபெரி என்பதே சிங்களச் சொல், "முடியல, முடியல" என்று அர்த்தம் என்பார்கள். காலில் உணர்ச்சி போய், எழுந்து நிற்க முடியாமல் போகும் வியாதி. மெஷினில் நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசி வந்த பிறகுதான் ஆசியா முழுக்க இது பரவியது. நம் ஊரிலிருந்து பிரெஞ்சு காலத்தில் சைகோனுக்கு வேலைக்குப் போன குடும்பங்கள் நிறைய. அந்த நாட்டிலும் அப்போது பெரிபெரி இருந்தது. ஜாவா தீவில் எய்க்மன் என்ற டச்சு டாக்டர் ஒரு விஷயம் கவனித்தார். ஆஸ்பத்திரியில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைத் தின்ற கோழிகள் கால் துவண்டு விழுந்தன. புதிதாக வந்த சமையல்காரர் "ஆஸ்பத்திரி சோறு கோழிக்கா?" என்று நிறுத்திவிட்டார். தீட்டாத அரிசி போட்டதும் அதே கோழிகள் எழுந்து நடந்தன! உமிக்கு அடியில் இருக்கும் தவிட்டில் ஏதோ சத்து இருக்கிறது என்பது இப்படித்தான் தெரிய வந்தது. எய்க்மனுக்கு 1929-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தச் சத்தைக் கடைசியில் 1936-ல் செயற்கையாகச் செய்து காட்டிய ராபர்ட் வில்லியம்ஸ் பிறந்தது எங்கே தெரியுமா? அன்றைய சென்னை ராஜதானியில் இருந்த நெல்லூரில்!

நம் தமிழ் மண்ணுக்கும் இதில் பங்கு உண்டு. குன்னூரில் 1918-ல் ஒரே ஒரு அறையில் பெரிபெரி ஆராய்ச்சி தொடங்கினார்கள். அதுதான் வளர்ந்து இன்று ஹைதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. ஆந்திரக் கடற்கரையில் தீட்டிய பச்சரிசி தின்ற ஊர்களில் பெரிபெரி இருந்தது. புழுங்கலரிசி தின்ற நம் பக்கம் அவ்வளவு இல்லை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டுச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அப்புறம் தீட்டினாலும் கொஞ்சம் மிஞ்சும். நம் பாட்டிமார்களுக்கு வைட்டமின் பெயர் தெரியாது, வேலை தெரிந்திருக்கிறது. ஆனால் ஒன்று. புழுங்கலரிசியோ சிவப்பரிசியோ, ஆபரேஷன் ஆனவர் சாப்பிடும் இரண்டு கரண்டியில் தேவையான பி1 கிடைக்காது. அவருக்கு மாத்திரை வேண்டும்.

குளுக்கோஸ் ஏற்றும் முன் ஒரு நிமிஷம்

இதை மட்டும் நன்றாக மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒருவருக்கு நாலு நாளாக வாந்தி. சோர்ந்து படுத்திருக்கிறார். நாம் என்ன செய்வோம்? பக்கத்து கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போய், "ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க டாக்டர், தெம்பு வரும்" என்போம். சாதாரண ஆளுக்கு அதனால் கெடுதல் இல்லை. ஆனால் எடை குறைப்பு ஆபரேஷன் ஆனவருக்கு, பி1 ஊசி போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் நிலைமை ஒரே நாளில் கெட்டுப் போகலாம்.

காரணம் இதுதான். உடம்பில் சர்க்கரை விறகு மாதிரி. அதை எரிய வைக்க பி1 வேண்டும். ஏற்கெனவே பி1 அடி மட்டத்தில் இருக்கும்போது ஒரேயடியாக விறகைக் கொட்டினால், மிச்சம் மீதி இருந்த பி1-ம் செலவாகிவிடும். அப்புறம் மூளைக்கே அது கிடைக்காது. கண் பார்வை இரண்டிரண்டாகத் தெரியும், கருவிழி தானாக ஆடும், குடித்தவர் போல நடை தள்ளாடும், பேச்சு குழறும், ஆள் அடையாளம் தெரியாது. "குளுக்கோஸ் ஏத்தின பிறகுதான் இப்படி ஆச்சு, பேய் பிடிச்சிருக்கு" என்று மந்திரிக்கக் கூட்டிப் போனால் ஆளை இழக்க வேண்டியதுதான். முதலில் பி1 ஊசி, அப்புறம் குளுக்கோஸ், அல்லது இரண்டும் சேர்த்து. டாக்டர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். ஆனால் அவருக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆனதை நாம் சொன்னால்தானே தெரியும்! வயிற்றில் போட்ட ஓட்டைகள் சின்னது, தழும்பைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நாக்கு இருக்கிறது, சொல்ல வேண்டும்.

பி1 குறைவைக் கண்டுபிடித்து உடனே ஊசி போட்டால் கண் சில மணி நேரத்திலேயே தெளிய ஆரம்பிக்கும். கால் நரம்புக்கு மாதக்கணக்கில் ஆகும்.

கொஞ்சம் நாள் கழித்து வரும் பி12

பி12 வேறு மாதிரி ஆள். இது கல்லீரலில் வருஷக்கணக்கில் இருப்பு இருக்கும். அதனால் ஆபரேஷன் ஆன புதிதில் ஒன்றும் தெரியாது. "எனக்கு ஒண்ணும் ஆகல, மாத்திரை எதுக்கு வீண் செலவு" என்று நிறுத்துவார்கள். இரண்டு மூன்று வருஷம் கழித்துக் கால் மரத்துப் போகும். அப்போது ஆபரேஷன் ஞாபகமே இருக்காது.

சாப்பாட்டில் உள்ள பி12 உடம்பில் சேர, முதலில் இரைப்பையில் உள்ள அமிலம் அதைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அப்புறம் இரைப்பையே சுரக்கும் ஒரு பொருள் அதைக் கைப்பிடித்துச் சிறுகுடலின் கடைசி வரை கூட்டிப் போக வேண்டும். இரைப்பையை வெட்டி எடுத்தாலும், சுற்று வழியில் விட்டாலும் இந்தத் துணைக்கு ஆள் குறைந்துவிடும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை, நெஞ்செரிச்சலுக்கு தினமும் கேஸ் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஆபரேஷன் இல்லாமலேயே பி12 குறையும். ஆபரேஷனும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

பி12 முட்டை, மீன், கறி, பால், தயிரில் இருக்கிறது. கீரையில் இல்லை, பருப்பில் இல்லை. ஆரோவில் பக்கம் வளர்க்கும் ஸ்பைருலினாவைப் பற்றியும் கேட்பீர்கள். அதில் புரதம் உண்டு, நல்ல பொருள்தான். ஆனால் அதில் பி12 என்று சொல்லப்படுவது மனித உடம்புக்கு உதவாத வகை. விற்கும் சகோதரிகள் கோபிக்க வேண்டாம், உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இதில் இன்னொரு சிக்கல். ரத்தசோகைக்கு அரசு தரும் இரும்பு மாத்திரையில் ஃபோலிக் அமிலம் இருக்கிறது. பி12 குறைந்தவர் அதை மட்டும் சாப்பிட்டால் ரத்தம் ஓரளவு தேறிவிடும், முகம் தெளியும். ஆனால் நரம்பு கெடுவது மட்டும் உள்ளுக்குள் நடந்துகொண்டே இருக்கும். "ரத்தம் ஏறிடுச்சே, அப்புறம் ஏன் கால் மரக்குது?" என்று குழம்புவார்கள். இரும்பு மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. மாதவிடாய் உள்ள பெண்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு இரும்புச் சத்து இன்னும் அதிகமாகத் தேவை. அதோடு பி12-ம் சேர வேண்டும் என்றுதான் சொல்கிறோம். சாப்பாட்டு வழியாகச் சேராதவர்களுக்கு மாதம் ஒரு ஊசி, அல்லது கூடுதல் அளவு மாத்திரை என்று டாக்டர் எழுதுவார்.

ஒரு கால் மட்டும் தொங்கினால்

மேலே சொன்னது இரண்டு காலிலும் வருவது. சிலருக்கு ஒரு கால் மட்டும் வேறு விதமாக மக்கர் பண்ணும். பாதத்தை மேலே தூக்க முடியாது. நடக்கும்போது விரல் தரையில் இடறும், செருப்பு இழுபடும். முட்டிக்குக் கொஞ்சம் கீழே, வெளிப்பக்கம் கை வைத்துப் பாருங்கள், உருண்டையாக ஒரு எலும்பு தட்டுப்படும். அதைச் சுற்றித்தான் பாதத்தைத் தூக்கும் நரம்பு போகிறது. அங்கே அதற்கு மெத்தை மாதிரி இருந்த கொழுப்பு, எடை வேகமாகக் குறையும்போது கரைந்துவிடுகிறது. அப்புறம் கால் மேல் கால் போட்டாலோ, குத்துக்காலிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்தாலோ நரம்பு எலும்பில் நசுங்கிவிடும்.

நம் வேலைகளை நினைத்துப் பாருங்கள். பூ கட்டுவது, ஊதுபத்தி உருட்டுவது, மீன் ஆய்வது, பாத்திரம் தேய்ப்பது, களை எடுப்பது, எல்லாமே உட்கார்ந்த வேலை. ஆபரேஷன் ஆகி எடை மளமளவென்று குறையும் அந்த ஏழெட்டு மாதமாவது மணை, ஸ்டூல் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்து வேலை செய்யுங்கள். கால் மணிக்கொரு தரம் எழுந்து நடங்கள். குழுக் கூட்டத்தில் சம்மணம் போட்டு உட்கார முடியவில்லை என்று ஒரு அக்கா நாற்காலி கேட்டால், "பெரிய மனுஷி ஆயிட்டாங்க" என்று கேலி பேசாதீர்கள்.

இதேபோல தொடையின் வெளிப்பக்கம் மட்டும் மரத்து எரிவதும் உண்டு. இறுக்கமாகக் கட்டும் பாவாடை நாடா, பெல்ட் காரணமாக இருக்கலாம். தளர்த்திக் கட்டினால் பலருக்குக் குறையும்.

தாமிரச் சத்து குறைந்தாலும் பி12 குறைந்தது போலவே நடை தள்ளாடும். முடி கொட்டுகிறதென்று துத்தநாக மாத்திரையை இஷ்டத்துக்கு வாங்கிச் சாப்பிட்டால் தாமிரம் இறங்கிவிடும். பி6 மாத்திரையை அளவுக்கு மீறிச் சாப்பிட்டால் அதுவே நரம்பைக் கெடுக்கும். ஆக, மெடிக்கல் ஷாப்பில் நாமாகக் கேட்டு வாங்குவது வேண்டாம். குடிப்பழக்கம் உள்ள ஆண்கள் இந்த ஆபரேஷன் செய்திருந்தால் தனியாகக் கவனிக்க வேண்டும். நம் ஊரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பைபாஸ் ஆனவருக்குச் சாராயம் சீக்கிரம் தலைக்கேறும், பி1 சத்தையும் உறிஞ்சிவிடும்.

எப்போது ஓட வேண்டும்?

வாந்தி இரண்டு நாளுக்கு மேல் நிற்காவிட்டால், கால் மரத்துப் போகக் காத்திருக்காமல் ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போங்கள். மரத்துப் போவது நாளுக்கு நாள் மேலே ஏறினாலோ, மாடிப்படி ஏற முடியாமல் போனாலோ, மூச்சு வாங்கினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, சிறுநீர் வராமல் அடைத்தாலோ அன்றைக்கே போக வேண்டும், 108-ஐக் கூப்பிடலாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் அது ரத்தம் உறைந்ததாக இருக்கலாம். அதைத் தைலம் போட்டுத் தேய்க்கவே கூடாது.

ஆபரேஷன் சென்னையில் செய்திருந்தாலும் அவசரத்துக்கு அங்கே ஓட வேண்டும் என்றில்லை. கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது, நரம்பியல் பிரிவும் உண்டு. டவுனில் அரசு பொது மருத்துவமனை இருக்கிறது. போகும்போது டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துப் போங்கள். அதில் ஸ்லீவா பைபாஸா என்று எழுதியிருக்கும். சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே சர்க்கரை உள்ளவர் என்றால், "சுகருக்கு அப்படித்தான் மரக்கும்" என்று வீட்டில் சொல்லி உட்கார வைத்துவிடுவார்கள். சர்க்கரையாலும் மரக்கும், உண்மைதான். ஆனால் அது வருஷக்கணக்கில் மெதுவாக வருவது. ஆபரேஷனுக்குப் பிறகு வாரக்கணக்கில் வந்தது என்றால், அதை டாக்டரிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

குழுவில் கடன் கேட்டு வந்தால்

வைத்தியச் செலவுக்கு உள்கடன் கேட்பவர்களில் இந்த ஆபரேஷனும் வரலாம். கொடுப்பதும் கொடுக்காததும் குழுவின் முடிவு. ஆனால் தீர்மானம் எழுதும் முன் சில கேள்வி கேட்பது நம் கடமை. ஆபரேஷன் செலவு மட்டும்தான் கணக்கிலா, அப்புறம் மாதாமாதம் வரும் வைட்டமின் மாத்திரைச் செலவுக்கு என்ன வழி? வருஷத்துக்கு ஒரு தரமாவது பி12, இரும்பு, கால்சியம் ரத்தப் பரிசோதனைக்குப் போக முடியுமா? சத்து குறித்துச் சொல்ல அந்த மருத்துவமனையில் தனி ஆள் உண்டா? அடுத்த ஒன்றரை வருஷத்துக்குக் குழந்தை பெறும் எண்ணம் இருக்கிறதா? இருந்தால் தள்ளிப் போடச் சொல்வார்கள், சத்து குறைந்த நேரத்தில் கர்ப்பம் தாய்க்கும் பிள்ளைக்கும் நல்லதில்லை. ஆபரேஷனை முடித்துவிட்டு, தவணை கட்டப் பணம் வேண்டும் என்று மாத்திரையை நிறுத்துவதுதான் நடக்கக் கூடாதது. அப்படி நிலைமை வந்தால் தவணையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், மாத்திரையைத் தள்ளி வைக்க வேண்டாம்.

ஏற்கெனவே மரத்துப் போனவர்களுக்கு

வைத்தியம் தொடங்கிய பிறகும் "ஊசி போட்டு ஒரு மாசமாச்சு, இன்னும் மரக்குதே" என்று மனம் தளர வேண்டாம். அடிபட்ட நரம்பு வளர்வது நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்குதான். மாதத்துக்கு ஒரு அங்குலம். முட்டியிலிருந்து கட்டைவிரல் வரை எத்தனை அங்குலம் என்று அளந்து பாருங்கள், எவ்வளவு நாள் ஆகும் என்று தெரிந்துவிடும். அதுவரை பிசியோதெரபியில் சொல்லிக் கொடுத்த பயிற்சியை விடாமல் செய்ய வேண்டும். பாதம் தொங்கினால் அதைத் தாங்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் பட்டை கிடைக்கும்.

உணர்ச்சி இல்லாத காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கக் கூடாது, கொப்புளம் போட்டாலும் தெரியாது. அடுப்பங்கரையிலும் கொல்லையிலும் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். விரலில் மாட்டும் ஹவாய் செருப்பு கழண்டு போகும், பின்பக்கம் வார் வைத்த செருப்பாகப் பார்த்து வாங்குங்கள். ராத்திரி படுக்கும் முன் இரண்டு பாதத்தையும் விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள், முள், வெடிப்பு, சிவப்பு ஏதாவது இருக்கிறதா என்று. குனிந்து பார்க்க முடியாதவர்கள் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து, அதன் மேல் காலைத் தூக்கிப் பிடித்தால் உள்ளங்கால் தெரியும். அல்லது வீட்டில் உள்ள பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.